ஹெட்போன், ஆம்ப், டாக் பொருத்தம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒலியில் குறை தெரிந்ததும் பலர் முதலில் டாக்கை (டிஜிட்டல் கோப்பை மின் ஒலிச் சைகையாக மாற்றும் கருவி) மாற்றப் பார்க்கிறார்கள். டாக் காரணமாக இருப்பது அரிது. காது டிப் (காதுக்குள் போகும் மென்முனை), கேபிள், கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதைத் தேர்வது), மென்பொருள் அமைப்பு, இவற்றில்தான் பெரும்பாலான கோளாறுகள் ஒளிந்திருக்கும். அதற்கு அடுத்தது ஆம்ப்புக்கும் (அந்தச் சைகையைப் பெருக்கும் கருவி) ஹெட்போனுக்கும் உள்ள பொருத்தமின்மை. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிப் பணம் கேட்கும் காரணத்தில் முடித்திருக்கிறோம். உங்கள் அறிகுறிக்கு நேரே போய்விடலாம்.

தேவையானவை: கோளாறில்லாத இன்னொரு சாதாரண இயர்போன், மாற்றுக் கேபிள், மலிவான மல்டிமீட்டர், 33 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. எந்தச் சோதனையானாலும் வால்யூமை அடிவரை இறக்கிவிட்டுத்தான் காதில் மாட்ட வேண்டும்.

## அறிகுறி 1: வால்யூமை முழுக்க வைத்தும் சத்தம் போதவில்லை

முதலில் அமைப்புகள்

1. பிளக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? ஃபோன் உறை தடித்திருந்தால் கடைசி ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.
2. ஆம்ப்பின் கெயின் 'லோ'வில் இருக்கிறதா?
3. ஈக்வலைசரில் ப்ரீ-ஆம்ப் (மொத்த அளவை ஏற்றி இறக்கும் அமைப்பு) மைனஸில் இருக்கிறதா? ரீப்ளே கெயின் (பாட்டுகளின் சத்தத்தைச் சமமாக்கும் வசதி) இயங்குகிறதா? இவை இரண்டும் சேர்ந்தாலே 10 டெசிபெல் காணாமல் போகும்.
4. விண்டோஸில் அழைப்பு வரும்போது மட்டும் சத்தம் விழுகிறதென்றால், ஒலி அமைப்பில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலைத் திறந்து பாருங்கள். மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பது அங்கே இயல்பாகவே தேர்வாகியிருக்கும். 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள்.
5. டாங்கிளுக்குள் (ஃபோனின் யூஎஸ்பி துளையில் செருகும் சிறு டாக்-ஆம்ப்) தனி வால்யூம் உண்டு. சில ஆண்ட்ராய்டு ஃபோன்கள் அதை மேலே ஏற்றுவதே இல்லை. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளில் இது பேர்போன சிக்கல். அதே டாங்கிளைக் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே சத்தம் சரியாக இருந்தால் குறை ஃபோனில். யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் பிளேயர் செயலி ஒன்றைப் போட்டால் சரியாகும், ஆனால் அந்தச் செயலிக்குள் மட்டும். இன்னொன்று: இதே டாங்கிளின் ஐரோப்பிய வகை 0.5 வோல்ட்தான் தரும், மற்றது 1 வோல்ட். வித்தியாசம் 6 டெசிபெல்.

அடுத்து கணக்கு

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். சென்சிடிவிட்டியை, அதாவது எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை, சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்றும் அச்சிடுகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மில்லிவாட் கணக்கிலிருந்து வோல்ட் கணக்குக்கு வர, ஹெட்போனின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) 300 ஓம் என்றால் 5, 62 ஓம் என்றால் 12, 32 ஓம் என்றால் 15, 16 ஓம் என்றால் 18 டெசிபெல் கூட்டிக்கொள்ளுங்கள். ஏகேஜி கே702-இன் பெட்டியில் 105 என்று இருக்கும். அது வோல்ட் கணக்கு. மில்லிவாட் கணக்கில் வெறும் 93. '105, 62 ஓம், ஃபோனே போதும்' என்று வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இசையின் உச்சத் துடிப்புகளுக்கு 110 டெசிபெல் கிடைத்தால் தாராளம். அதற்கு எவ்வளவு வேண்டும் என்று சில மாடல்களில் பார்ப்போம்:

- சென்ஹைசர் ஹெச்டி 650 (300 ஓம்): சுமார் 2.2 வோல்ட், 7.5 மில்லிஆம்பியர்
- பேயர்டைனமிக் டிடி 990, 600 ஓம் வகை: சுமார் 3.9 வோல்ட், 6.5 மில்லிஆம்பியர்
- ஹைஃபைமேன் ஹெச்இ-6 (50 ஓம், 83.5 டெசிபெல்): சுமார் 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர்
- ஷ்யூர் எஸ்இ846 (9 ஓம், 114 டெசிபெல்): 0.06 வோல்ட்

முதல் இரண்டும் வோல்ட் கேட்பவை, கரன்ட் அல்ல. 1 வோல்ட் டாங்கிளில் ஹெச்டி 650 உச்சத்தில் 103 டெசிபெல் தரும். சத்தமாகப் பதிவான பாட்டுக்கு அது போதும். தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிக்கோ ஆர்கெஸ்ட்ராவுக்கோ போதாது. ஹெச்இ-6 வோல்ட், கரன்ட் இரண்டையும் கேட்கும். 50 ஓமில் 450 மில்லிவாட்டாவது சுத்தமாகத் தரும் ஆம்ப் வேண்டும். நான்காவதுக்கு எந்த ஆம்ப்பிலும் சத்தம் போதாமல் போகாது. போதவில்லையென்றால் முனையில் உள்ள ஃபில்டர் வலை அடைத்திருக்கிறது. அறிகுறி 4-க்குப் போங்கள்.

வாங்குவதற்கு முன்

ஆம்ப்பில் பேலன்ஸ்டு வெளியீடும் (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் உள்ளது) உங்களிடம் அதற்கான கேபிளும் இருந்தால் முதலில் அதை முயலுங்கள். பல ஆம்ப்களில் அங்கே இரட்டிப்பு வோல்ட் வரும், அதாவது 6 டெசிபெல் கூடுதல். 'இரண்டு மடங்கு பவர்' என்று விற்கும் புது ஆம்ப் தருவது 3 டெசிபெல்தான். அதற்குச் செலவழிப்பது வீண். விவரப் பட்டியலில் 32 ஓமுக்கும் 300 ஓமுக்கும் தனித்தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். 32 ஓமில் 1 வாட் என்றால் 5.66 வோல்ட். அந்த வோல்ட் அப்படியே நின்றால் 300 ஓமில் 107 மில்லிவாட்.

ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடலாம். ப்ரோ வகைக்கு 580 வோல்ட் பயஸ் தரும் தனி டிரைவர் யூனிட் தேவை. எந்த அடாப்டரும் அதற்கு ஈடாகாது.

## அறிகுறி 2: பாட்டு நின்றாலும் 'உஸ்'ஸென்ற இரைச்சல்

பெரும்பாலும் ஐ.ஈ.எம். (காதுத் துளைக்குள் செருகும் இயர்போன்) சிக்கல். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள்.

வால்யூமைத் திருப்பினாலும் இரைச்சல் மாறவில்லை: ஆம்ப்பின் வெளியீட்டுப் பகுதியிலிருந்து வருகிறது.

வால்யூமோடு சேர்ந்து ஏறுகிறது: முன்னால் உள்ள கருவியிலிருந்து வருகிறது. ஆம்ப்பின் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் டாக், ஃபோன் பக்கம் தேடுங்கள். ஃபோனின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஆம்ப்புக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் ஃபோன் வால்யூமை 80–90 சதவீதத்தில் வைத்து ஆம்ப்பைக் குறையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆம்ப் பக்கம்தான் என்று தெரிந்தால்:

1. கெயினை 'லோ'வுக்கு மாற்றுங்கள்.
2. 4.4 மி.மீ. பேலன்ஸ்டிலிருந்து 3.5 மி.மீ.க்கு வாருங்கள். ஐ.ஈ.எம்.முக்கு அந்தக் கூடுதல் வோல்ட் தேவையே இல்லை. அதோடு வரும் இரைச்சல்தான் மிச்சம்.
3. ஐ.ஈ.எம்.முக்கென்றே விற்கும் அட்டெனுவேட்டர் (சைகையைக் குறைக்கும் அடாப்டர்) ஒன்றை இடையில் மாட்டுங்கள். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வைத்த 75 ஓம் அடாப்டரைத் தவிருங்கள். இரைச்சல் போகும், கூடவே டோனும் மாறும். ஏன் என்று அறிகுறி 3-இல் இருக்கிறது.
4. இரைச்சல் குறைந்த ஆம்ப் வாங்குங்கள்.

நான்காவதுக்கு வந்தால் எஸ்என்ஆர் (இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஆம்ப்பின் உச்ச வெளியீட்டோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. 4 வோல்ட் ஆம்ப்பில் 120 டெசிபெல் என்றால் இரைச்சல் 4 மைக்ரோவோல்ட். 10 வோல்ட் ஆம்ப்பில் அதே 120 என்றால் 10 மைக்ரோவோல்ட். மேலே சொன்ன ஷ்யூர் எஸ்இ846 ஒரு வோல்ட்டுக்கு 134 டெசிபெல் தரக்கூடியது. 10 மைக்ரோவோல்ட் அதன் வழியே 34 டெசிபெலாகக் காதில் விழும். இரவில் அமைதியான அறையில் அது தெளிவாகக் கேட்கும். 1 மைக்ரோவோல்ட் என்றால் 14, கேட்காது என்றே சொல்லலாம். அதே 10 மைக்ரோவோல்ட் ஹெச்டி 650-இல் வெறும் 3 டெசிபெல். 'என் ஆம்ப்பில் இரைச்சலே இல்லை' என்று பெரிய ஹெட்போன்காரர் சொல்வதை ஐ.ஈ.எம்.காரர் நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். விவரப் பட்டியலில் தேட வேண்டியது மைக்ரோவோல்ட் எண்.

## அறிகுறி 3: ஒரு கருவியில் நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் டோன் மாறிவிடுகிறது

பேஸ் காணோம்: ஐ.ஈ.எம். என்றால் டிப்பை மாற்றுங்கள். காதுத் துளை சரியாக மூடாவிட்டால் எந்த ஆம்ப்பாலும் பேஸ் கொண்டுவர முடியாது. லேசாக விரலால் அழுத்தும்போது பேஸ் திரும்பி வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. மூடிய ஹெட்போனில் மூக்குக்கண்ணாடித் தண்டும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டு கருவியிலும் டிப் ஒன்றே, ஆனால் ஒலி வேறு: ஈக்வலைசர், 'ஒலி மேம்பாடு', சரவுண்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வைத்துக் கேளுங்கள். 1 டெசிபெல் கூடுதலாக இருப்பது எப்போதும் 'நல்ல ஒலி' போலவே தோன்றும்.

அப்படியும் வேறுபட்டால்: ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைச் சந்தேகியுங்கள். அது ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 32 ஓமுக்கு 4, 16 ஓமுக்கு 2, 9 ஓம் ஐ.ஈ.எம்.முக்கு 1 ஓம்.

பல ஆர்மெச்சர் (உள்ளே ஒலி எழுப்பும் நுண்ணிய பகுதி) கொண்ட ஐ.ஈ.எம்.தான் இதில் அதிகம் அடிபடும், ஏனென்றால் அதன் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி மாறும். ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1 ஓம் ஆம்ப்பில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 1.3 டெசிபெல்தான் சாயும். 10 ஓம் ஆம்ப்பில் 7 டெசிபெல். அது வேறு ஐ.ஈ.எம். என்றே சொல்லலாம். ஹெச்டி 650 பேஸ் பகுதியில் 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் ஆம்ப்பில் பேஸ் 1 டெசிபெல் தூக்கலாகும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். பிளேனார் (தட்டையான மெல்லிய படலத்தால் ஒலி எழுப்பும்) ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு, அதனால் டோன் மாறாது. 120 ஓம் எங்கிருந்து வந்தது என்றால், 1996-இல் வந்த ஐஇசி 61938 தரநிலை பரிந்துரைத்த எண் அது. பழைய ரிசீவர், மிக்சர்களில் இன்றும் அந்த அளவைப் பார்க்கலாம்.

நீங்களே அளக்க:

1. ஹெட்போனைக் கழற்றுங்கள். ஃபோனிலோ கணினியிலோ 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓட்டுங்கள். மலிவு மீட்டர்கள் உயர் சுருதியில் பொய் சொல்லும், 100 போதும்.
2. 3.5 மி.மீ. வெளியீட்டில் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஏசி வோல்ட் அளந்து 0.5 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள்.
3. வால்யூமைத் தொடாமல், அதே இரு புள்ளிகளில் 33 ஓம் ரெசிஸ்டரை இணைத்து மறுபடி அளங்கள்.
4. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 0.500, 0.471 என்று வந்தால் விடை 2 ஓம்.

விடை பெரிதாக வந்தால் ரிப்பேருக்குக் கொடுத்துப் பயனில்லை. அந்த ஆம்ப்பின் வடிவமைப்பே அது. அதைப் பிளேனாருக்கோ 300 ஓம் ஹெட்போனுக்கோ ஒதுக்கிவிட்டு ஐ.ஈ.எம்.முக்கு ஒரு நல்ல டாங்கிள் வாங்குவது மலிவு.

## அறிகுறி 4: ஒரு பக்கம் சத்தம் குறைவு

வால்யூம் மிகக் குறைவாக வைக்கும்போது மட்டும்: ஆம்ப்பின் வால்யூம் பாட் (திருகும் குமிழ்). அனலாக் குமிழில் தொடக்கப் பகுதியில் இரு பக்கமும் ஒத்துப்போகாது. இது பழுதல்ல. கெயினைக் குறைத்து, கணினியில் 10–20 டெசிபெல் இறக்கி, திருகைக் கடிகார ஒன்பது மணி நிலைக்கு மேலே கொண்டுவந்து பயன்படுத்துங்கள். 24 பிட்டில் இயங்கும் டாக்கில் இப்படி இறக்குவதால் காதுக்குத் தெரியும் இழப்பு இல்லை.

எல்லா வால்யூமிலும்: ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். குறைவு அதே காதில் நின்றால் காரணம் காது (மெழுகு, சளி). ஹெட்போனோடு நகர்ந்தால் ஐ.ஈ.எம்.மின் கேபிளைக் கழற்றி, இடது கேபிளில் வலது ஷெல்லை மாட்டுங்கள். குறைவு ஷெல்லோடு போனால் முனை வலையில் மெழுகோ வியர்வையோ அடைத்திருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த மென்பிரஷால் துடையுங்கள். ஊசி கூடாது, திரவம் ஊற்றக் கூடாது. மாற்றக்கூடிய ஃபில்டராக இருந்தால் புதிது போடுங்கள். கேபிளோடு போனால் கேபிள் அல்லது ஜாக்.

டைனமிக், பிளேனார் ஹெட்போன்களில் பிளக்கில் ஓம் அளந்து பார்க்கலாம். முனை–கிரவுண்ட், வளையம்–கிரவுண்ட் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் எண்ணே வரவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றியும் வரவில்லையென்றால் டிரைவரின் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் பகுதி) கம்பிச்சுருள். அது சர்வீஸ் சென்டர் வேலை, வீட்டில் திறக்க வேண்டாம்.

## அறிகுறி 5: பாடகர் குரல் மட்டும் மங்குகிறது, வாத்தியம் கேட்கிறது

கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் காரணம் எளிது. கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனால் இடது, வலதுக்கு இடையிலான வேறுபாடு மட்டும் ஒலிக்கும். நடுவில் பதிவான குரலும் பேஸும் அடிபட்டுப் போகும்.

- பிளக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள், பிறகு முழுக்கச் செருகுங்கள்.
- மைக் உள்ள இயர்போன் என்றால் மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் உடனே திரும்பினால், ஆம்ப்பின் ஜாக் கிரவுண்டுக்குப் பதிலாக மைக் வளையத்தைத் தொடுகிறது. மைக் இல்லாத கேபிளோ மைக்கைப் பிரிக்கும் அடாப்டரோ தீர்க்கும்.
- இரு முள் கேபிள் கொண்ட ஐ.ஈ.எம்.மில் ஒரு பக்க முள் தலைகீழாகச் செருகியிருந்தாலும் ஒலி தலைக்கு நடுவில் நிற்காது, பேஸ் மெலியும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிச் செருகி, மோனோ பதிவு ஒன்றைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேலன்ஸ்டு வெளியீட்டில் 3.5 மி.மீ. ஹெட்போனை மாட்ட உதவும் அடாப்டர்கள் விற்கிறார்கள். அவை இரு பக்க மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஆம்ப்பின் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும், ஆம்ப்பின் ஐசி (சிப்) போய்விடலாம். எதிர்த்திசை, அதாவது பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண 3.5 வெளியீட்டில் மாட்டுவது, பாதுகாப்பானது.

## அறிகுறி 6: ரீங்காரம், விசில், மவுஸ் அசைத்தால் கரகரப்பு

1. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி அதில் மின்னோட்டம் சுற்றுவது).
2. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். 'பர்ர் பர்ர்' நின்றால் ரேடியோ குறுக்கீடு. ஆம்ப்பையும் ஃபோனையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காதீர்கள்.
3. டாக்கை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் பின்பக்கத் துளைகள் மேல்.
4. ஆப்டிக்கல் உள்ளீடு இருந்தால் அதற்கு மாறுங்கள். மின் இணைப்பே இல்லாததால் லூப் அறுந்துவிடும்.
5. யூஎஸ்பி ஐசோலேட்டர் (மின் இணைப்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் கடத்தும் கருவி) ஒன்றை இடையில் மாட்டுங்கள். மலிவானவை 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, சில டாக்குகளைக் கணினி கண்டுகொள்ளவே செய்யாது. அதிவேக வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஒரு கோளாறு வந்தால் அந்த மின்சாரம் உங்கள் தலைமேல் இருக்கும் ஹெட்போன் வரை வரும். உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசான சுருக் என்பது இருமுள் அடாப்டர்களில் சகஜம். ஷாக் அடித்தால் அதோடு நிறுத்தி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: சத்தம் ஏற்றினால் ஒலி உடைகிறது

- ஈக்வலைசரில் 6 டெசிபெல் ஏற்றியிருந்தால் ப்ரீ-ஆம்ப்பை 6 இறக்க வேண்டும். இதை மறப்பதுதான் முதல் காரணம்.
- டாக்கின் எக்ஸ்எல்ஆர் வெளியீடு பொதுவாக 4 வோல்ட், ஆர்சிஏ 2 வோல்ட். சில ஆம்ப்களின் உள்ளீடு 4 வோல்ட்டைத் தாங்காது. டாக்கில் 6 டெசிபெல் இறக்கிப் பாருங்கள்.
- பேஸ் அடிக்கும்போது மட்டும் உடைந்தால் ஆம்ப்பின் எல்லை. அறிகுறி 1-இன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.
- ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்ப்பில் 32 ஓம் பிளேனார் மாட்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அது 300, 600 ஓமுக்கான ஆம்ப்.
- வேறு ஆம்ப்பிலும் அதே பேஸ் சுருதியில் 'சர்ர்' என்றால் டிரைவர். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஒலியில் எந்த இடத்தில் வருகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தலைமுடி சிக்கினாலே இப்படிக் கேட்கும். காது குஷனைக் கழற்றி முடியை எடுக்கலாம். மெம்பிரேனைத் தொடும் நிலை வந்தால் நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஐ.ஈ.எம்.மை மாட்டும் நொடியில் மட்டும் 'மொறுக்' என்றால் காற்றழுத்தத்தில் டிரைவர் வளைகிறது. பழுதல்ல.

## அறிகுறி 8: டாக் துண்டித்துத் துண்டித்து இணைகிறது

கேபிள், கேபிள், கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. சில மலிவு ஓடிஜி அடாப்டர்கள் ஒரு பக்கமாகச் செருகினால்தான் வேலை செய்யும், திருப்பிச் செருகிப் பாருங்கள். பிறகு ஃபோனின் பேட்டரி சேமிப்பு, விண்டோஸில் யூஎஸ்பி 'செலக்டிவ் சஸ்பெண்ட்' இரண்டையும் அணையுங்கள். பேஸ் அடிக்கும்போது துண்டித்தால் ஃபோனால் கரன்ட் கொடுக்க முடியவில்லை. தனி மின்னூட்டத் துளை உள்ள டாக்கில் அதை பவர் பேங்கோடு இணையுங்கள். துண்டிக்காமல் 'டிக் டிக்' மட்டும் வந்தால் டாக்கின் மென்பொருள் டிரைவர் அமைப்பில் பஃபர் அளவைக் கூட்டுங்கள். பாட்டின் முதல் நொடி விழுங்கப்படுவது டாக்கின் தானியங்கி மியூட், பழுதல்ல.

## அறிகுறி 9: ஆன், ஆஃப் செய்யும்போது 'டப்'

ஆன் செய்யும்போது டாக் முதலில், ஆம்ப் அடுத்து, ஹெட்போன் கடைசி. ஆஃப் செய்யும்போது அப்படியே தலைகீழ். இந்த வரிசையிலேயே பாதிப்பேர் பிரச்சினை தீரும்.

தீராவிட்டால் டிசி கசிவை (ஒலி இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் நேர் மின்னழுத்தம்) அளங்கள். ஹெட்போன் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஆம்ப் பத்து நிமிடம் சூடான பிறகு, மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பக்கமும் பாருங்கள். பேலன்ஸ்டு வெளியீட்டில் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளக்க வேண்டும், கிரவுண்டுக்கு அல்ல. 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் ஐ.ஈ.எம். மாட்டாதீர்கள். 50-ஐத் தாண்டினாலோ இரு பக்கமும் வெகுவாக வேறுபட்டாலோ எதையும் மாட்டாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

வால்வ் ஆம்ப்பின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட் நிற்கும். கையடக்க ஆம்ப்பின் மூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.